மாணாக்கர் முகாமும் கிராமச் சங்கத்தின் கடமையும்

பாகூரின் பழைய வித்தியாஸ்தானம்

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ அரசனாகிய நிருபதுங்கவர்மனுடைய ஆட்சியின் 8-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட செப்பேடுகள் பாகூருக்குரியனவாகக் கிடைத்துள்ளன. அக்காலத்தில் வாகூர் என வழங்கிய அவ்வூரில் வித்தியாஸ்தானம் ஒன்று நடைபெற்றுவந்ததென்பதும், அதன் போஷணைக்காகச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் 3 கிராமங்கள் தானமாக விடப்பட்டனவென்பதும் அவற்றால் விளங்குகின்றன. கற்போருக்கும் கற்பிப்போருக்கும் வேண்டிய நெல்லை, அக்கிராமங்களில் சேற்றில் இறங்கி உழைத்த குடியானவரே விளைவித்துத் தந்தனர்.

இக்காலத்திலும் நிலைமை பெரிதும் மாறியதன்று. கலாசாலைகள் பொதுஜனங்களின் வரிப்பணத்தாலும், பெற்றோர் சிரமப்பட்டுச் செலுத்தும் பணத்தாலும் நடைபெறுகின்றன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள கிராமங்களிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறிப் பட்டணத்துக் கலாசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் கல்விச் செலவில் பெரும்பகுதி வயலிலிருந்தும், மாட்டுக் கொட்டகையிலிருந்தும், கூலி வேலையிலிருந்துமே வருகின்றது. ஆகவே, கற்றவன் கிராமத்துக்குச் செலுத்தவேண்டிய கடன் ஒன்று உண்டு. அக்கடனைச் செலுத்தும் வழியே மாணாக்கர் சேவை முகாம். அம்முகாமைக் கிராமத்தார் எவ்விதம் பயன்படுத்திக்கொள்ளவேண்டும் என்பதும், அதில் ஐக்கிய சங்கத்தின் பங்கு யாது என்பதும் இப்பாடத்தின் விஷயங்களாகும்.

மாணாக்கர் சேவை ஏற்பட்ட வரலாறு

கல்வி கற்போர் கிராம வேலையில் இறங்கவேண்டும் என்னும் கருத்து நெடுநாளாக நம் தேசத்தில் வளர்ந்துவந்ததாகும். 1922-இல் வங்காளத்தில் இரவீந்திரநாத தாகூர் ஸ்ரீநிகேதனத்தை ஸ்தாபித்து, சுற்றுக் கிராமங்களின் விவசாயம், சுகாதாரம், கைத்தொழில் ஆகியவற்றைச் சீர்படுத்த முயன்றார். அங்கே கிராமச் சிறுவர்கள் சேவைப் படையாகத் திரட்டப்பட்டனர். கிராமத்தார் சந்தா செலுத்தி நடத்தும் ஐக்கிய சுகாதாரச் சங்கங்களும் ஏற்பட்டன. தமிழ்நாட்டில் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமம், கல்வியையும் கிராம ஊழியத்தையும் ஒன்றாகவே இணைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கத்தார் முன் ஒரு கேள்வி எழுந்தது. மாணாக்கரின் சேவையைக் கட்டாயமாக்குவதா, அன்றி அவரவர் விருப்பத்துக்கு விடுவதா என்பதே அது. டாக்டர் இராதாகிருஷ்ணனைத் தலைவராகக் கொண்ட சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் விருப்ப முறையையே சிபார்சு செய்தது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த கமிட்டியோ, மேற்படிப்புக்குச் செல்லுமுன் ஒவ்வொருவரும் ஓராண்டளவு கட்டாயமாகச் சேவை செய்யவேண்டுமென்று கூறியது. இதற்கு ஆகும் பெருஞ்செலவையும், இதனை நடத்துவதிலுள்ள கஷ்டங்களையும் ஆராய்ந்தபின், விருப்ப முறையே ஏற்றதென முடிவாயிற்று. காந்தியடிகளின் நூற்றாண்டு விழா ஆண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், மத்திய கல்வி மந்திரியாயிருந்த டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது 37 சர்வகலாசாலைகளும் 40,000 மாணாக்கரும் அதில் சேர்ந்திருந்தனர். ‘நானன்று, நீ’ என்பது அத்திட்டத்தின் இலட்சிய வாசகம்.

இத்திட்டத்தில் சேரும் தொண்டர் ஆண்டொன்றுக்கு 120 மணி வீதம் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் ஊழியம் செய்யவேண்டும். அன்றியும், தத்தெடுத்த கிராமமொன்றில் 7 நாள் தங்கி நடத்தும் விசேஷ முகாமிலும் கலந்துகொள்ளவேண்டும். சாதாரணமாக 100 தொண்டர்கள் கொண்டது ஒரு பிரிவு. அதற்கு ஓர் ஆசிரியர் திட்ட அதிகாரியாக இருப்பார். விசேஷ முகாமுக்குப் பிரிவில் பாதிப்பேர், அதாவது 50 பேர் வருவர். ஆகவே கிராமத்தார் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டியது இவ்வளவே: 50 இளைஞர்கள், 7 நாட்கள்.

தருமம் கொடுத்தலும் கூடி உழைத்தலும்

முகாமுக்கு வருவோர் சிலர், ஏழைகளுக்குத் தருமம் செய்ய வந்ததாகவே எண்ணுகின்றனர். கிராமத்தார் சிலரும், பட்டணத்துப் பிள்ளைகள் வந்து தெருவைப் பெருக்கிப் போகட்டும் என்று திண்ணையில் அமர்ந்து பார்க்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் மற்றொருவன் என்னும் நிலை நீடிக்கும்வரையில் அங்கே கூட்டுழைப்பு இல்லை. கூட்டுழைப்பு இல்லாத இடத்தில் பிரஜாதர்மத்தைக் கற்பதும் இல்லை.

இதற்கு அயலகத்திலிருந்து நல்ல உதாரணம் ஒன்று கூறலாம். 1958-இல் இலங்கையில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராயிருந்த ஏ.டி. அரியரத்தினா, தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு கனத்தோலுவை என்னும் கிராமத்துக்குச் சென்றார். அக்கிராமத்தார் ஜாதியின் பெயரால் மற்றவரால் மிகவும் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். மாணாக்கர் அவர்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் இம்முகாமிலிருந்தே வளர்ந்து, பின்னர் இலங்கையின் பல்லாயிரம் கிராமங்களுக்குப் பரவியது. ஊராருக்குத் தாம் செய்ததைவிட, ஊராரோடு சேர்ந்து செய்ததே அதற்கு வேராயிற்று.

ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினருக்கு இவ்வுண்மை புதிதன்று. தனித்தனியே கடன்பட்டுத் தவித்தவர்கள் கூடிப் பங்குத்தொகை சேர்த்து, தமக்குத் தாமே உதவிக்கொள்வதே சங்கம். 1995-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த 7 கொள்கைகளுள், 5-ஆவது அங்கத்தினரின் கல்வியும் பயிற்சியும். 7-ஆவது தன் சமூகத்தின் நலத்தில் சங்கத்துக்குள்ள அக்கறை. மாணாக்கர் முகாமை ஏற்று நடத்துவதில் இவ்விரு கொள்கைகளும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

வேலையைத் தேர்ந்தெடுத்தல்

முகாமின் பலன் பெரும்பாலும் முகாம் தொடங்குமுன்பே நிர்ணயமாகிவிடுகிறது. என்ன வேலை என்பதை முதல் நாள் காலையில் யோசிக்கும் முகாமில், 2 நாள் மண்வெட்டி தேடுவதிலும் 1 நாள் வரவேற்பிலும் 1 நாள் விடைபெறுதலிலும் கழிந்துவிடும். ஆகவே, முகாமுக்கு ஒரு மாதம் முன்னதாகவே சங்கத்தின் நிர்வாக சபையார், திட்ட அதிகாரியையும் மாணாக்கர் சிலரையும் அழைத்து, கிராமத்தைச் சுற்றிக் காட்டி, வேலையை அளந்து முடிவு செய்யவேண்டும். வேலை மூன்று இலக்கணங்களை உடையதாக இருத்தல் நலம்: ஊரார் தாமே வேண்டுவது, 7 நாளில் முடியக்கூடியது, முடிந்தபின் ஊராரால் காப்பாற்றக்கூடியது.

புதுவைக் கிராமங்களில் இவ்விலக்கணங்களுக்குப் பொருந்தும் வேலைகள் பெரும்பாலும் நீரைச் சார்ந்தவை. வில்லியனூர்ப் பக்கத்தில் ஊசுட்டேரியும், தெற்கே பாகூர் ஏரியும் இப்பிரதேசத்தின் இரண்டு பெரிய ஏரிகள். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை நீரைப் பெற்றுப் பாகூர் ஏரியை நிரப்புவது பங்காரு வாய்க்கால். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாசனக் குடியானவர்கள் ‘சிந்திக்கா அக்ரிகோல்’ என்ற விவசாயச் சங்கங்களாகக் கூடி ஏரி, வாய்க்கால்களைப் பராமரித்துவந்தனர். ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் ஏரியை நோக்கும் கண்கள் குறைந்தன. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் புதுவைப் பிரதேசத்தின் 84 ஏரிகள் சேர்க்கப்பட்டு, ஏரியைப் பயன்படுத்துவோரின் சங்கங்களும் அமைக்கப்பட்டன. பெரிய ஏரியைத் தூர்வாருதல் அரசாங்கத்தின் வேலை. அது மாணாக்கரால் ஆகாது. ஆனால் ஊர்க் குளத்துக்கு நீர் வரும் சிறு வாய்க்காலும், தெருவின் மழைநீரைக் கொண்டுசெல்லும் வடிகாலும் மாணாக்கருக்கும் ஊராருக்கும் ஏற்ற அளவான வேலைகள்.

இவ்வேலை எவ்வளவு அவசியமானது என்பதைச் சமீபகால வெள்ளம் உணர்த்தியது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவில் புதுவைக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களிலும் வெள்ளம் புகுந்தது. ஆற்று வெள்ளத்தைச் சிறு வடிகால் தடுக்காது என்பது உண்மையே. எனினும், வெள்ளம் வடிந்தபின் தெருவில் நீர் 1 நாள் நிற்குமா, 10 நாள் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அவ்வடிகாலே.

அளந்து செய்யும் முறை

வேலையை அளந்து திட்டமிடுதல் எவ்வாறு என்பதற்கு ஒரு கணக்கை உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு கிராமத்தின் குளத்துக்குச் செல்லும் வாய்க்கால் 300 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதில் 30 சென்டிமீட்டர் உயரம் வண்டல் படிந்துள்ளது என்க. எடுக்கவேண்டிய மண் 90 கன மீட்டர். வந்துள்ள 50 பேரில் 10 பேர் சமையலுக்கும், 10 பேர் வீடுவீடாகச் சென்று தகவல் திரட்டுவதற்கும் போக, மண்வேலைக்கு மிஞ்சுவோர் 30 பேர். மண்வேலையில் பழக்கமில்லாத இளைஞர் காலை வேளையில் வெட்டிச் சுமப்பது சராசரி ஆளுக்கு அரைக் கன மீட்டர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 15 கன மீட்டர் ஆகும். 6 நாளில் 90 கன மீட்டரும் தீர்ந்துவிடும். 7-ஆம் நாள் கரையைச் சீர்செய்யவும் ஊர்க் கூட்டத்துக்கும் கிடைக்கும்.

இவ்வாறு கணக்கிடாமல், அதே அளவுள்ள 1 கிலோமீட்டர் வாய்க்காலை எடுத்துக்கொண்டால் மண் 300 கன மீட்டர் ஆகிவிடும். முகாம் முடியும்போது மூன்றில் ஒரு பங்குகூட முடிந்திராது. பாதியில் நின்ற வேலையைப் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பும் மாணாக்கன், கூடி உழைத்தால் காரியம் முடியும் என்பதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்றுச் செல்வான்.

செய்முறையிலும் சில விதிகள் உண்டு. வாய்க்காலை நீர் வடியும் கடைக்கோடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வெட்டிவரவேண்டும். இல்லையேல் வெட்டிய பள்ளத்தில் நீர் தேங்கி வேலையைக் கெடுக்கும். சரிவு ஒழுங்காக இருக்கின்றதா என்பதைக் கொத்தர்கள் மட்டம் பார்க்க உபயோகிக்கும் தண்ணீர்க் குழாயால் 10 மீட்டருக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும். எடுத்த வண்டலைக் கரையோரத்திலேயே குவித்தால் முதல் மழையில் அது வாய்க்காலுக்கே திரும்பும்; ஆதலின் கரைக்கு அப்பால் பரப்பவேண்டும். 30 பேரில் 10 பேர் வெட்டவும் 20 பேர் சுமக்கவும் இருந்தால், 10 மண்வெட்டியும் 4 கடப்பாரையும் 20 கூடையும் போதும். இவற்றைச் சங்க அங்கத்தினர் தத்தம் வீட்டிலிருந்து கொடுத்து, பெயரெழுதிப் பெற்றுக்கொள்ளலாம். விலைக்கு வாங்கவேண்டிய அவசியமில்லை.

மாணாக்கரோடு ஊராரும் இறங்கவேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. நாள்தோறும் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து முறைவைத்து 10 பேராவது வருவதாகச் சங்கம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளவேண்டும். மண்வெட்டியைப் பிடிக்கும் விதத்தையும், இடுப்பு நோகாமல் கூடையைத் தூக்கும் விதத்தையும் மாணாக்கருக்குக் கற்பிப்போர் அவர்களே. வகுப்பறையில் முதல் வரிசையில் அமர்பவன் அங்கே கடைசி மாணாக்கனாகிறான். அது அவனுக்கு நன்மையே.

கூட்டுழைப்பைக் கற்கும் விதம்

50 பேரை 10 பேர் கொண்ட 5 குழுக்களாகப் பிரித்தல் வசதியானது. 3 குழுக்கள் மண்வேலைக்கும், 1 குழு சமையலுக்கும், 1 குழு வீட்டு விசாரணைக்கும் செல்லும். நாள்தோறும் குழுக்களின் வேலை மாறவேண்டும். குழுத் தலைமையும் 2 நாளைக்கு ஒருமுறை மாறவேண்டும். ஒருவனே 7 நாளும் தலைவனாயிருந்தால், அவன் ஏவுதலைக் கற்பான், மற்றவர் ஏவப்படுதலைக் கற்பர். கூடி நடத்தலை ஒருவரும் கல்லார். ஆண்பிள்ளைகள் மண்ணுக்கும் பெண்பிள்ளைகள் அடுப்புக்கும் என்று ஒதுக்குவதும் கூடாது. மாணவிகள் தங்குவதற்குத் தாழிடத்தக்க இடமும், கழிப்பிடமும், இரவில் வெளிச்சமும் உண்டா என்பதைச் சங்கத்தின் பெண் அங்கத்தினர்கள் முன்னதாகப் பார்த்து உறுதிசெய்தல் அவசியம்.

சமையற்கட்டு ஒரு சிறந்த பாடசாலை. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்று கொண்டால், 50 பேருக்கு நாளுக்கு 20 கிலோ, 7 நாளைக்கு 140 கிலோ தேவை. காய்கறி, பருப்பு, எண்ணெய், விறகு அல்லது எரிவாயு ஆகியவற்றுக்கும் இவ்விதமே கணக்கு வேண்டும். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு வாங்கி, அன்றன்று இரவே கணக்கெழுதி, எல்லோர் முன்னிலையிலும் படிக்கவேண்டும். இவ்விஷயத்தில் சங்கத்தின் காரியதரிசியே ஆசிரியராகலாம். சங்கத்தின் தினசரிக் கணக்கு, ரசீதுப் புத்தகம், நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் காட்டி, பங்குத்தொகை எவ்வளவு இருப்பினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பதையும், தணிக்கையின் அவசியத்தையும் அவர் ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். பிறர் பணத்தைக் கையாளும்போது கணக்குக் காட்டுவது அவமானமன்று, கௌரவமே என்பதை இளமையில் அறிந்தவன், பிற்காலத்தில் எந்தப் பதவியிலும் பொதுப்பணத்தை மதிப்பான்.

எல்லாத் தெருவினரும் சமைத்ததை எல்லாத் தெருவினரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவேண்டும். இதில் யாதொரு விலக்கும் வைக்கலாகாது. விலக்கு வேண்டுமென்று கேட்கும் ஊரில் முகாம் வைப்பதைவிட, வையாதிருத்தலே மேல்.

விசாரணை வேலை

மண்வேலை கண்ணுக்குத் தெரிவது. விசாரணை வேலை அறிவுக்குத் தெரிவது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, சாக்கடையைவிட வீட்டிலும் முற்றத்திலும் தேங்கிய தெளிந்த நீரிலேயே பெரும்பாலும் முட்டையிடுகின்றது. முட்டை புழுவாகிக் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றிலுள்ள நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால், கொசு பிறக்குமுன்பே அழியும். 10 மாணாக்கர் 2 நாளில் 120 வீடுகளைப் பார்த்து, 18 வீடுகளில் புழு கண்டனர் என்றால், 100-க்கு 15 வீடு என்பது அவ்வூரின் நிலை. முகாமின் கடைசி நாளிலும், ஒரு மாதம் கழித்தும் மீண்டும் எண்ணிப் பார்த்தால், ஊர் முன்னேறியதா என்பது வெறும் பேச்சாக இராமல் எண்ணாகவே தெரிந்துவிடும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தலும் இத்தகைய வேலையே. வயலில் வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை நீக்கி, 10 முதல் 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில எழுத்து ‘வி’ போன்ற குழி வெட்டி, அதன் பக்கத்து மண்ணைச் சீவி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அளவாக்கி நிழலில் உலர்த்தி, சர்வே எண்ணும் பயிரின் விவரமும் எழுதிய சீட்டோடு பையிலிடவேண்டும். குரும்பாப்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தாரைச் சங்கத்தின் மூலம் முன்னதாகக் கலந்துகொண்டு, பரிசோதனைக்குரிய ஏற்பாட்டைச் செய்யலாம். முடிவு வந்தபின் அதனை அங்கத்தினருக்குப் படித்து விளக்கும் பொறுப்பையும் அம்மாணாக்கரே ஏற்கவேண்டும். மாதிரியை எடுத்துச் சென்று மறந்துவிடுதல், கடன் வாங்கித் திருப்பாமைக்கு ஒப்பாகும்.

மாலைக் கூட்டமும் பிரஜாதர்மமும்

பிரஜாதர்மம் என்பது தேர்தல் நாளில் வாக்களித்தலோடு முடிந்துவிடுவதன்று. தன் ஊரின் காரியத்தைத் தான் அறிதல், அதைப் பற்றிப் பேசுதல், மாறுபட்ட கருத்தைப் பொறுமையாகக் கேட்டல், பலரும் ஒப்பிய முடிவுக்குத் தானும் கட்டுப்படுதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். புதுவைக் கிராமங்களுக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டப்படுவதாகும். இங்கே 1968-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின், 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் மறு தேர்தல் நடைபெற்றது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிவுற்றது. பஞ்சாயத்துத் தேர்தலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்து முதுமையடைந்த பிரதேசத்தில், கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கம் அழியாமலிருக்க ஐக்கிய சங்கத்தின் பொதுச் சபையும், முகாமின் மாலைக் கூட்டமும் பெரிதும் துணை செய்யும்.

ஆகவே மாலைதோறும் ஒரு மணி நேரம் ஊராரும் மாணாக்கரும் கூடவேண்டும். பாட்டும் நாடகமும் இருக்கலாம். ஆனால் அரை மணி நேரமாவது அன்றைய வேலையைப் பற்றிய விசாரணைக்கு ஒதுக்கப்படவேண்டும். வாய்க்காலை எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்பது போன்ற கேள்விகளில் ஊரின் உள்நிலை வெளிப்படும். பல கிராமங்களில் காலனிப் பக்கத்து வடிகால் கடைசியாகவே எண்ணப்படும். முகாம் முடிவதற்குள் அதன் முறை வராமலே போகும். வரைபடத்தை எல்லோருக்கும் தெரியும்படி விரித்து, தாழ்ந்த இடம் எது, நீர் நெடுநாள் நிற்பது எங்கே என்று மாணாக்கர் திரட்டிய அளவுகளைப் படித்துக்காட்டினால், எங்கே தொடங்குவது என்பதற்கு விடை தானே கிடைக்கும். அளவு பேசும் இடத்தில் அந்தஸ்து பேசவேண்டுவதில்லை.

விலக்கவேண்டிய குற்றங்கள்

முகாம்களில் வழக்கமாக நேரும் குற்றங்கள் சில உண்டு. முதலாவது, நீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நட்டுப் படம் பிடித்துக்கொள்ளுதல். 20 கன்றுகளை 20 குடும்பங்களின் பொறுப்பில் நட்டு, வேலியிட்டு, கோடைதோறும் எண்ணிப் பார்ப்பதே சிறந்தது.

இரண்டாவது, கூலிக்கு உழைப்போரின் வேலையைப் பறித்தல். பணம் ஒதுக்கப்பட்டுக் கூலியாட்களால் நடக்கவேண்டிய வேலையை மாணாக்கரைக் கொண்டு இலவசமாக முடிப்பது தருமமன்று, ஏழையின் வயிற்றிலடிப்பதாகும்.

மூன்றாவது, ஆபத்தான வேலையில் இறக்குதல். மலக்கழிவு சேரும் தொட்டியிலோ சாக்கடைக் குழியிலோ எவரையும் இறக்கலாகாது; அது சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. வெள்ளத்துக்குப் பிந்திய சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். ஆதலின் காலுறை, கையுறையின்றி அதில் வேலை செய்யக்கூடாது. காலில் புண்ணுள்ளவரை அன்று வேறு வேலைக்கு அனுப்பவேண்டும்.

நான்காவது, பிரமுகர்களின் வரவுக்காக வேலையை நிறுத்துதல். வருவோர் யாவராயினும் வாய்க்கால் கரையிலேயே வந்து காணலாம். ஒரு கூடை மண் சுமந்தால் இன்னும் நலம்.

முகாமுக்குப் பின்

7 நாள் முடிந்து மாணாக்கர் சென்றபின்பே சங்கத்தின் உண்மையான வேலை தொடங்குகின்றது. வெட்டிய வாய்க்கால் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் தூர்ந்துபோனால், 50 பேரின் உழைப்பு வீண். இதைத் தடுக்கச் சங்கம் ‘முகாம் வேலைப் பதிவேடு’ ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வேலையின் பெயர், அளவு, முடிந்த நாள், பராமரிக்கும் பொறுப்பேற்றவர், 3 மாதம், 6 மாதம், 12 மாதம் கழித்துப் பார்த்தபோது இருந்த நிலை ஆகியவற்றை அதில் எழுதி, ஆண்டுப் பொதுச் சபையில் கணக்கோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அதன் நகலைக் கலாசாலைக்கும் அனுப்புதல் நலம். தொண்டரின் சேவை 2 ஆண்டுகளுக்கு உரியதாகையால், மறு ஆண்டு வரும் முகாமின் முதல் வேலை, முந்தைய முகாமின் வேலையைச் சோதித்தலாக இருக்கவேண்டும். தான் சென்ற ஆண்டில் வெட்டிய வாய்க்காலில் நீர் ஓடக் காணும் மாணாக்கனுக்கு வேறு பரிசு தேவையில்லை. அது தூர்ந்திருக்கக் கண்டால், அதன் காரணத்தை ஆராய்வதே அவ்வாண்டின் பாடம்.

கிராமத்துப் பிள்ளைகளே மாணாக்கராக வருவது மற்றொரு நன்மை. தன் ஊர்க்குளத்தின் அளவை அறிந்து, தன் சங்கத்தின் கணக்கைப் படித்துப் பார்த்த பிள்ளை, படிப்பு முடிந்தபின் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்வது இயல்பு. வயது முதிர்ந்த நிர்வாகிகளுக்குப் பின் யார் என்று கவலைப்படும் சங்கங்களுக்கு இதுவே விடை. வாகூர் வித்தியாஸ்தானத்துக்கு 3 கிராமங்கள் அன்று நெல் அளந்தன. இன்று கிராமம் கலாசாலைக்கு அளிப்பது அதனினும் விலையுயர்ந்த பொருளாகிய தன் பிள்ளைகள். அவர்களைக் கூடி உழைக்கத் தெரிந்த பிரஜைகளாகத் திரும்பப் பெறுதல் கிராமத்தின் உரிமை. அதற்கு வழிசெய்தல் சங்கத்தின் கடமை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கவேண்டிய வினாக்கள்

1. இக்கிராமத்தில் 50 பேர் 7 நாளில் முடிக்கத்தக்க, ஊரார் யாவரும் வேண்டுகின்ற வேலை யாது? அதன் நீள, அகல, ஆழங்கள் எவ்வளவு?

2. முகாம் நாட்களில் உடனுழைக்க எத்தனை அங்கத்தினர் குடும்பங்கள் ஒப்புக்கொள்கின்றன? எந்தெந்த நாளில்?

3. மழை நின்றபின் நீர் நெடுநேரம் தேங்கி நிற்பது எந்தத் தெருவில்? இதுவரையில் அங்கே முதலில் வேலை தொடங்கப்பட்டதுண்டா? இல்லையெனில் காரணம் யாது?

4. முன்பு நடந்த முகாமில் நட்ட கன்றுகளில் உயிரோடிருப்பவை எத்தனை? பராமரிப்புக்குப் பொறுப்பானவர் யார்?

5. கலாசாலையில் படிக்கும் அங்கத்தினர் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை ஆண்டுப் பொதுச் சபைக்குப் பார்வையாளராக அழைக்கச் சங்கம் தீர்மானிக்குமா?